தாதியர் தேர்ந்த தேசங்கள்

பொருள் தேடிப் பிற தேசம் செல்வது ஆடவர்க்கே உரிய செயலென நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. கணவன் முன்னே கப்பலேறுவான். அவன் ஊன்றிக்கொண்டபின் மனைவியும் மக்களும் தொடர்ந்து செல்வர். இவ்வழக்கை மாற்றியமைத்தவர்கள் இந்தியத் தாதியர். அவர்களுள்ளும் சிறப்பாகக் கேரள நாட்டுத் தாதியர். கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பெண்கள் தனியராய்க் கடல் கடந்தனர். தாம் ஊன்றிக்கொண்டபின் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டனர். புறப்படுமுன் ஒவ்வொருத்தியும் விடைகாண வேண்டியிருந்த வினா ஒன்றே: எந்த நாட்டுக்குச் செல்வது? அவ்வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு விடை கண்டது. அந்த விடைகளின் வரலாறு, ஏழைக் குடும்பங்களின் வரலாறு மட்டுமன்று. நாடுகள் தம் வாயிற்கதவுகளைத் திறந்தும் அடைத்தும் வந்த வரலாறுமாகும்.

தாதித்தொழில் இந்தியாவில் எளிதில் மதிப்புப் பெற்றதன்று. சென்னைப் பெரிய வைத்தியசாலையில் 1871ஆம் ஆண்டிலேயே தாதியர் பயிற்சி தொடங்கிற்று. ஆயினும், அயலாரின் உடலைத் தொடுதல், புண்ணையும் இரத்தத்தையும் கழுவுதல், இரவில் வீட்டுக்கு வெளியே தங்கிப் பணிசெய்தல் ஆகியவை உயர்குலப் பெண்களுக்கு அடாதவை எனச் சமுதாயம் கருதிற்று. ஆதலின் இத்தொழிலை முதலில் ஏற்றவர்கள் பெரும்பாலும் கிறித்தவப் பெண்களே. மிஷன் பாடசாலைகளாற் பெண்கல்வி பரவியிருந்ததும், நிலம் பங்குபட்டுச் சுருங்கிவந்ததுமான மத்திய திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து அவர்கள் மிகுதியாக வந்தனர். படித்த மகளுக்குச் சம்பளத்துடன் பயிற்சி கிடைப்பது, பல மக்களைப் பெற்ற தந்தைக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

இந்தியா சுதந்திரமடையுந் தறுவாயில், தாதியர் தொகை வியக்கத்தக்க அளவு குறைவாயிருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழுவினர் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் ஏறக்குறைய 7,000 தாதியரே உள்ளனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற அளவே அஃதென்றும், பிரித்தானியாவிலோ 300 பேருக்கு ஒருவர் உளர் என்றும் எடுத்துக்காட்டிற்று. அதே ஆண்டில் வேலூரிலும் டில்லியிலும் தாதியர்க்குப் பட்டப்படிப்புத் தொடங்கப்பெற்றது. 1947ஆம் ஆண்டில் இந்தியத் தாதியர் மன்றச் சட்டம் நிறைவேறிற்று. இவ்வாறு தன் தேவைக்கென இந்தியா பயிற்றத் தொடங்கிய பெண்களை, சில ஆண்டுகளுக்குள்ளேயே பிற நாடுகளும் நாடத் தொடங்கின.

முதலிற் பெருந்தொகையினராக இளம்பெண்களை அழைத்த நாடுகளுள் ஒன்று மேற்கு ஜெர்மனி. போரின் அழிவிலிருந்து மீண்டு தொழில்வளம் பெருகிய அந்நாட்டில், நோயாளரைப் பராமரிக்க ஆட்கள் கிடைக்கவில்லை. 1960ஆம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் வழியாகக் கேரளத்திலிருந்து பல்லாயிரம் பெண்கள் அங்குச் சென்றனர். பலர் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். அவர்கள் நாட்டைத் தெரிந்தெடுத்தனர் என்பதைவிட, பங்குக் குருவானவரும் பெற்றோரும் தெரிந்துகொடுத்தனர் என்பதே பொருந்தும். பனியையும் அறியாத மொழியையும் ஒருங்கே எதிர்கொண்டு, மூன்றாண்டு பயின்று தாதியராயினர். சம்பளத்தின் பெரும்பகுதி ஊருக்குச் சென்றது. தம்பிமார் படித்தனர், தங்கையர் மணமுடித்தனர், ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாயிற்று.

ஆயினும், அழைத்த நாடு என்றும் அழைத்துக்கொண்டேயிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1973ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை மேற்கு ஜெர்மனி நிறுத்திற்று. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் சில மாநிலங்கள், இந்தியத் தாதியரின் அநுமதிப் பத்திரங்களைப் புதுப்பிக்க மறுத்தன. பத்தாண்டு பணிசெய்தவர்களிற் சிலர் ஊர் திரும்பினர். சிலர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். தங்கியவர்களை மணந்து அங்குச் சென்ற கணவர்கள், சில ஆண்டுகள் வேலைசெய்ய அநுமதியின்றி வீட்டிலிருந்தனர். மனைவி உழைக்கக் கணவன் குழந்தையைப் பார்க்கும் அந்நிலை, இரு சாராரும் முன் கண்டிராதது.

அமெரிக்காவின் கதை வேறு. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தாம் அங்குக் குடியேறலாம் என்றிருந்தது. 1965ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடிவரவுச் சட்டம் தேசவாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டை நீக்கி, தொழிற்றகைமை உடையவர்க்கும் உறவினர்க்கும் முதன்மை அளித்தது. தாதியர் இவ்வாயிலாகச் சென்று நியூயோர்க், சிகாகோ, ஹியூஸ்ரன் முதலிய நகரங்களில் அமர்ந்தனர். மாநிலப் பரீட்சையில் தேறும்வரை பலர் உதவிப் பணியாளராகவே வேலைசெய்ய நேர்ந்தது. ஆனால், ஜெர்மனியில் இல்லாத ஒன்று இங்கு இருந்தது. நிரந்தர வதிவுரிமை பெற்றவள் கணவனையும் பிள்ளைகளையும், பின்னர்க் குடியுரிமை பெற்றதும் உடன்பிறந்தாரையும் அழைக்கலாம். இவ்வாறு ஒரு தாதியின் பின்னே ஒரு குடும்பமே கடல் கடந்தது. முன்னே சென்ற பெண்ணின் உயர்வும், பின்னே சென்ற ஆணின் தாழ்வுணர்ச்சியும், தேவாலயங்களிலும் வீடுகளிலும் எவ்வகைப் பிணக்குகளை எழுப்பின என்பதைச் சமூகவியலறிஞர் ஷீபா ஜோர்ஜ் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

எண்ணெய் விலையேற்றம் ஜெர்மனியின் கதவை அடைத்தது. அதே விலையேற்றம் அராபிய வளைகுடாவின் கதவை அகலத் திறந்தது. குவைத்து, சவூதி அரேபியா முதலிய நாடுகள் புதிது புதிதாக வைத்தியசாலைகளை எழுப்பின. அவற்றுக்குத் தாதியர் தேவைப்பட்டனர். வளைகுடாவின் கவர்ச்சி தெளிவானது. பிரயாணம் குறுகியது, புதிய மொழியிற் பரீட்சை எழுதி ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டுவதில்லை, சம்பளத்துக்கு வருமான வரியில்லை. குறையும் அத்துணைத் தெளிவானது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை எட்டாக்கனியே. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். தொழில் தருவோனின் பொறுப்பிலேயே வதிவு அநுமதி தங்கியிருப்பதால், மனம் ஒவ்வாத இடத்தை விட்டு நீங்குதலும் எளிதன்று.

இதனுடன் போரின் அபாயமும் சேர்ந்தது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்திற் புகுந்தபோது, அங்கிருந்த இந்தியர் ஏறக்குறைய 1,70,000 பேர் அம்மான் நகர் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். அவர்களுள் தாதியரும் இருந்தனர். ஒரு தலைமுறை கழிந்து 2014ஆம் ஆண்டில், ஈராக்கின் திக்ரித் நகர வைத்தியசாலையில் 46 இந்தியத் தாதியர் போராளிகளின் கையில் அகப்பட்டனர். ஒருவர் தமிழ்நாட்டுத் தூத்துக்குடியைச் சேர்ந்தவர், ஏனையோர் கேரளத்தினர். ஜூலை 5ஆம் நாள் அவர்கள் கொச்சி விமான நிலையத்தை உயிருடன் அடைந்தபோது நாடே மகிழ்ந்தது. ஆனால் அவர்களுட் பலர் கல்விக்கும் பிரயாணத்துக்கும் பட்ட கடன் தீராதவர்கள். சில மாதச் சம்பளமும் கைக்கு வாராதவர்கள். போர் மூண்ட நாட்டைவிட்டு மீள்வதா, வெறுங்கையுடன் கடன்காரன் முன்னே நிற்பதா என்று ஓர் இளம்பெண் எண்ணிப் பார்க்க நேர்ந்ததெனில், நாட்டைத் தெரிந்தெடுத்தல் எவ்வளவு குறுகிய எல்லைக்குள் நிகழ்கிறது என்பது விளங்கும்.

பிரித்தானியாவின் வாயிலோ அலைபோல் ஏறியும் இறங்கியும் வந்தது. 1948ஆம் ஆண்டில் தேசிய சுகாதாரச் சேவை தோன்றிய காலத்தில், அயர்லாந்திலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்துமே பெண்கள் மிகுதியாக அழைக்கப்பட்டனர். இந்தியர் பெருவாரியாகச் சென்றது 1990ஆம் ஆண்டுகளின் இறுதிக்குப் பின்னரே. 2004-2005ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட இந்தியத் தாதியர் அந்நாட்டுப் பதிவேட்டிற் சேர்ந்தனர். மறு ஆண்டே காற்று திசைமாறிற்று. 2006ஆம் ஆண்டில், ஆட்குறைவுள்ள தொழில்களின் பட்டியலிலிருந்து சாதாரண நிலைத் தாதிப்பதவி நீக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அது மீண்டும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஆங்கிலப் பரீட்சைக்கெனப் பணம் செலவிட்டுக் காத்திருந்தோர், தம் தவறு எதுவுமின்றியே காலத்தை இழந்தனர்.

நாடுகளின் இந்தக் கதவுகளுக்கும் பெண்களின் வீட்டுவாயிலுக்கும் இடையே நின்றவர்கள் முகவர்கள். 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம் முகவரின் கட்டணத்துக்கு வரம்பு விதித்தது. ஆயினும் 2015ஆம் ஆண்டில் வெளியான குவைத்து வேலைவாய்ப்பு மோசடி வழக்கில், 19,500 ரூபா பெறவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தாதியிடமும் 19½ இலட்சம் ரூபா பெறப்பட்டதெனக் குற்றஞ் சாட்டப்பட்டது. இதனையடுத்து அதே ஆண்டில் இந்திய அரசாங்கம், குடியகல்வு அநுமதி வேண்டப்படும் 18 நாடுகளுக்குத் தாதியரை அனுப்பும் பணியை அரசுசார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. கேரளத்தின் நோர்க்கா, ஒடெபெக் ஆகியவையும், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அவற்றுள் அடங்கும்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், தாதியொருத்தி நாட்டைத் தெரிந்தெடுக்கும்போது எடைபோட்ட பொருள்கள் எவையென்பது புலனாகும். முதலாவது, கடனை எத்துணை விரைவில் அடைக்கலாம் என்பது. இதில் வளைகுடா முன்நின்றது. இரண்டாவது, குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளலாமா என்பது. இதில் மேல்நாடுகள் முன்நின்றன. மூன்றாவது, மொழியும் பரீட்சையும். ஆங்கிலம் பயின்றவளுக்குப் பிரித்தானியாவும் அயர்லாந்தும் அவுஸ்திரேலியாவும் அண்மையாகத் தோன்றின. ஜெர்மன் மொழியோ முதலெழுத்திலிருந்து கற்கவேண்டியதாயிற்று. நான்காவது, காத்திருக்க வேண்டிய காலம். அமெரிக்கச் சட்டம் எந்த ஒரு நாட்டினர்க்கும் மொத்த வதிவுரிமையில் 7 வீதத்துக்கு மேற் கிடைக்கலாகாதென வரையறுத்தமையால், இந்தியரின் வரிசை மிக நீண்டது. இருபத்தைந்து வயதில் விண்ணப்பித்தவள் முப்பத்தைந்தைத் தாண்டியும் காத்திருக்க நேரலாம்.

இவை ஒன்றோடொன்று முரண்படுவதால், பலர் ஒரே நாட்டைத் தேராது ஒரு வழியைத் தேர்ந்தனர். முதலில் இந்திய நகரமொன்றில் இரண்டாண்டு அநுபவம். அடுத்து வளைகுடாவிற் சில ஆண்டு. கடன் தீர்ந்தபின் ஆங்கிலப் பரீட்சை. இறுதியாகக் குடியமர ஒரு மேல்நாடு. படிப்படியான இவ்வேற்றத்தில் பொருள் சேர்ந்தது. ஆனால் குழந்தைகள் பாட்டிமாரிடம் வளர்ந்தனர். அவ்விலையைக் கணக்கேடுகள் குறிப்பதில்லை.

கதவடைத்த ஜெர்மனியே பின்னர் மீண்டும் அழைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. முதியோர் பெருகிய அந்நாடு, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இம்முறை மொழிப்பயிற்சி இந்தியாவிலேயே, தாதியர்க்குச் செலவின்றி அளிக்கப்பெறும். பாட்டியார் காலத்தில் பங்குக் குருவானவரின் கடிதத்தோடு நிகழ்ந்த பிரயாணம், பேர்த்தியார் காலத்தில் அரசாங்க ஒப்பந்தத்தோடு நிகழலாயிற்று.

எனினும், வெளிநாட்டைத் தேர்வது உள்நாட்டை விடுவதுமாகும். தனியார் வைத்தியசாலைகளிற் சொற்பச் சம்பளமும், சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு விடமறுக்கும் ஒப்பந்தமும் தாதியரைத் துரத்தின. 2011, 2012ஆம் ஆண்டுகளில் டில்லி, மும்பாய், கொச்சி முதலிய நகரங்களில் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தனியார் வைத்தியசாலைத் தாதியரின் சம்பளத்தை ஆராயக் குழு அமைக்குமாறு பணித்தது. மாதம் 20,000 ரூபாவுக்குக் குறையலாகாதென அக்குழு பரிந்துரைத்தது. கேரள அரசு 2018ஆம் ஆண்டில் அத்தொகையைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது.

2010ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற ஒழுக்கக் கோவை, ஆட்குறைவுள்ள வறிய நாடுகளிலிருந்து வைத்தியப் பணியாளரைத் திரட்டுதல் தகாதென்றது. அதேவேளை, தனியொருவரின் இடம்பெயரும் உரிமையையும் அது ஒப்புக்கொண்டது. ஊரில் தங்குவதா, கடல் கடப்பதா என்று ஒரு பெண் தெரிந்தெடுக்கும் உரிமை, தங்கினாலும் கண்ணியமாக வாழலாம் என்ற நிலை இருந்தாற்றான் முழுமையான உரிமையாகும். போர் குழு 1946ஆம் ஆண்டில் எண்ணிக் காட்டிய குறை, பயிற்சிச்சாலைகளைப் பெருக்குவதனால் மட்டும் தீரவில்லை. பயின்றவர் தங்கும்படி சம்பளமும் மதிப்பும் அளிக்கும் கடமை, தாய்நாட்டின்பாலே எஞ்சி நிற்கிறது.