வழிப்போக்கரின் இரவு: சத்திரம் முதல் சொகுசு விடுதி வரை

பயண வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வழிகளையும் வாகனங்களையும் பற்றியே எழுதுவர். பகலெல்லாம் நடந்தவரும் கடல் கடந்து வந்தவரும் இரவில் எங்கே தலை சாய்த்தனர், அதற்கான செலவை யார் ஏற்றனர் என்னும் வினாக்கள் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. இன்று நடுத்தர வருவாய் உடையோரும் ஐந்து நட்சத்திர விடுதியில் ஓரிரவு தங்கி வருகின்றனர். அஃது எவ்வாறு இயன்றது என்று மாணவர் கேட்பின், நாம் சொற்களிலிருந்து தொடங்கி விடை சொல்லலாம். தங்குமிடத்தைக் குறிக்கும் சொல் ஒவ்வொன்றும், அங்கே யார் யாரை ஏற்றனர் என்னும் செய்தியைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

சொற்கள் காட்டும் உறவு

'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் இச்சொல்லைப் புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்கு ஆள்கிறது. முன்பின் அறியாத புதியவரே தொடக்கத்தில் விருந்தினர். உறவினரும் நண்பரும் பின்னர் அச்சொல்லுக்குள் வந்து சேர்ந்தனர். 'விடுதி' என்பது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. சுமையை விட்டு இளைப்பாறும் இடம் அது. 'வீடு' என்பதும் அவ்வடியினதே. எனவே, நிலையாக வாழும் இடமும் ஓரிரவு தங்கும் இடமும் தமிழில் ஒரு வேரின் இரு கிளைகள்.

ஐரோப்பிய மொழிகளிலும் இத்தகைய உறவைக் காணலாம். ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் ஆகிய மூன்றும் 'ஹோஸ்பெஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. அச்சொல் விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருங்கே குறித்தது. நோயாளியையும் மாணவரையும் பயணியையும் ஏற்றுக்கொள்ளும் கடமை ஒன்றாயிருந்த காலத்தின் சுவடு அது. பிற்காலத்தில் இம்மூன்றும் பிரிந்தன. அவற்றுள் ஹோட்டல் வணிகமாயிற்று. தமிழ்நாட்டுப் பேச்சில் 'ஓட்டல்' உண்ணும் இடத்தையே பெரிதும் குறிக்க, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் அது தங்கும் இடத்தைக் குறிப்பதும் நோக்கத்தக்கது.

அறம் ஏற்ற செலவு

மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்தின் 'உலக அறவி' என்னும் அம்பலம் ஆதரவற்றோர்க்குப் புகலிடமாக அமைந்துள்ளது. பெயரே அதன் நோக்கத்தைக் கூறிவிடுகிறது. பின்னர் வழக்கிற்கு வந்த 'சத்திரம்' வடமொழியில் வேள்வியையும் கொடையையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'சாவடி' என்னும் சொல்லோ ஆங்கிலேயர் நாவில் 'சௌல்ட்ரி' என உருமாறியது. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரமும், ஒரத்தநாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில் எழுந்த முத்தம்பாள் சத்திரமும் இம்மரபிற்குச் சான்றுகள். சத்திரங்களுக்கு நிலங்கள் மானியமாக விடப்பட்டன. அந்நிலங்களின் விளைச்சலே வழிப்போக்கரின் சோற்றுக்கும் விளக்கெண்ணெய்க்கும் ஆதாரம். செலவைக் கொடையாளி ஏற்றார். புண்ணியம் அவர் கணக்கில் சேர்ந்தது.

ஆயினும், அறச்சாலைக் கதவு எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. பல சத்திரங்களில் சாதிவாரியாகச் சமையலும் பந்தியும் அறையும் பிரிக்கப்பட்டிருந்தன. இலவசமாகத் தங்கியவர் தம் இடத்தைத் தாமே தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய பிறப்பே அதைத் தேர்ந்தெடுத்தது. விலையில்லா விருந்தோம்பலைப் போற்றும்போது இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது.

சமூகம் ஏற்ற செலவு

கடல் கடந்து வந்த நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கு ஸ்திரீட்டிலும் அமைத்துக்கொண்ட 'கிட்டங்கி' வேறொரு முறையைக் காட்டுகிறது. பண்டம் சேர்த்துவைக்கும் இடமான 'கிடங்கு' என்பதோடு உறவுடைய இச்சொல், மலாய் மொழியின் 'குடாங்', ஆங்கிலத்தின் 'கோடவுன்' ஆகியவற்றுக்கும் உறவாகும். கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் முகவர் ஒவ்வொருவருக்கும் சிறிதளவு இடமே உண்டு. பகலில் ஒரு பெட்டியும் கணக்கேடும் வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய அந்த இடமே இரவில் பாய் விரிக்கும் இடமாயிற்று. சமையல் பொது. மூன்றாண்டுத் தவணைக்கு வந்தவர், வாடகையைப் பலரோடு பகிர்ந்துகொண்டு பொருள் சேர்த்து ஊர் திரும்பினார். நகரின் நடுவணிகப் பகுதியில் தங்குவது சிக்கனத்தால் இயன்றது. அச்சிக்கனமோ உறவின் பிணைப்பால் இயன்றது.

அதே கடல்வழியில் கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்த தொழிலாளர்க்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் இருந்த தொற்றுத்தடுப்பு முகாம்களே அவர்களில் பலர்க்கு இந்நாட்டில் முதல் இரவைத் தந்தன. அங்கே தேர்வு என்பதற்கே இடமில்லை. நம் மாணவர் பலருடைய குடும்ப வரலாறு அந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறது.

முன்பணமும் நட்சத்திரமும்

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. பொழுதுபோக்கிற்காக வரும் ஐரோப்பியர் தொகையும் கூடியது. ஆர்மீனியரான சார்க்கிஸ் உடன்பிறப்புகள் 1880களின் நடுப்பகுதியில் பினாங்கில் ஈஸ்டர்ன், ஓரியண்டல் விடுதிகளை நடத்தினர். 1887 டிசம்பரில் சிங்கப்பூர்க் கடற்கரைச் சாலையில், பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவில் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கினர். அதன் பெருமைக்குரிய முதன்மைக் கட்டடம் 1899இல் திறக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1931இல், அவர்களுடைய நிறுவனம் நொடித்துப்போனது. பயணியின் பணப்பையை மட்டும் நம்பிய சொகுசு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று. விடுதியோ கைமாறி நிலைத்தது. 1987இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அயலூரில் ஏமாறாமல் தங்குவதற்குரிய கருவிகளும் அந்நூற்றாண்டிலேயே தோன்றின. 1841இல் தொடர்வண்டிச் சுற்றுலாவைத் தொடங்கிய தாமஸ் குக், 1868இல் விடுதிச் சீட்டுகளை அறிமுகப்படுத்தினார். தங்கலுக்கும் உணவுக்கும் முன்கூட்டியே பணம் செலுத்திச் சீட்டு வாங்கியவர், ஒப்பந்தம் செய்த விடுதிகளில் அதைக் கொடுத்துத் தங்கினார். மொத்தமாகப் பயணிகளை அனுப்பியவர் விலையைக் குறைக்கச் செய்ய முடிந்தது. செருமானியப் பதிப்பாளர் கார்ல் பெடக்கரின் வழிகாட்டி நூல்கள் சிறந்தவற்றுக்கு நட்சத்திரக் குறியிட்டன. உறவினர் சொல்லுக்கு மாற்றாக அச்சிட்ட குறி நம்பிக்கைக்கு உரியதாயிற்று. 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பயணக் காசோலையை வெளியிட்டது.

எனினும், எல்லாரும் குறியை மட்டும் நோக்கவில்லை. 1927இல் சிங்கப்பூர்ச் சைனாடவுனில் எழுந்த கிரேட் சதர்ன் விடுதி, வசதிமிக்க சீனப் பயணிகளை ஈர்த்தது. தம் மொழி பேசப்படும் இடத்தையும் தமக்குப் பழகிய உணவையும் நாடுவது வறியோர்க்கு மட்டும் உரிய இயல்பு அன்று.

புள்ளிகளின் காலம்

இன்றைய சொகுசு விடுதி எளியோர்க்கும் எட்டுவதற்கு இரு காரணங்கள் முதன்மையானவை. முதலாவது, அறையின் இயல்பு. விற்காத துணியை மறுநாள் விற்கலாம். விற்காத இரவை மறுநாள் விற்க இயலாது. ஆதலால் பயணிகள் குறையும் பருவத்தில் விலையும் இறங்குகிறது. விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்துப் புறப்படுவோர், அதே அறையைக் குறைந்த விலையில் பெறுகின்றனர்.

இரண்டாவது, புள்ளிமுறை. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்போர்க்குப் பரிசுத் திட்டம் வகுத்தது. 1983இல் ஹாலிடே இன், மேரியட் ஆகிய விடுதி நிறுவனங்கள் அவ்வழியைப் பின்பற்றின. பின்னர் வங்கிகள் அப்புள்ளிகளை விலைக்கு வாங்கித் தம் கடனட்டை வாடிக்கையாளர்க்கு வழங்கின. அலுவல் பயணத்திற்கு நிறுவனம் பணம் செலுத்துகிறது. புள்ளி ஊழியர் கணக்கில் சேர்கிறது. அதைக் கொண்டு அவர் குடும்பத்தோடு இலவசமாகத் தங்குகிறார். கடனட்டைக்காகக் கடைக்காரர் செலுத்தும் கட்டணம் பண்டத்தின் விலையில் கலப்பதால், ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அச்செலவில் ஒரு பங்கைச் சுமக்க நேர்கிறது.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். சத்திரத்தில் உண்டவர், தமக்குச் சோறிட்டவர் பெயரைச் சுவரில் பொறித்த கல்வெட்டில் கண்டார். கிட்டங்கியில் உறங்கியவர், தம்மோடு வாடகை பகிர்ந்தவர்களின் முகங்களை அறிந்திருந்தார். புள்ளியால் தங்குபவர் தமக்காகச் செலவழித்தவரை அறியார். மூன்றிலும் பிறர் பங்கு உண்டு. மூன்றாவதில் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புள்ளிகளைப் பயன்படுத்துவது தவறன்று. ஆனால், 'இலவசம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் 'யார் செலவில்?' என்று வினவும் பழக்கம் கல்வியின் பயன்களுள் ஒன்றாக வேண்டும்.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறையிலேயே தொடரலாம். கப்பலில் வந்தவரும் அவர்தம் பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே உள்ளனர். முதல் இரவு எங்கே தங்கினர், யார் அழைத்துச் சென்றனர், அவ்விடத்தை எப்பெயரால் குறித்தனர் என்று மாணவர் கேட்டு எழுதட்டும். நகர மறுசீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. அச்சொல்லை அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். கட்டடத்தை மீண்டும் எழுப்ப நம்மால் இயலாது. சொல்லையும் அதனுள் உறையும் உறவையும் ஏட்டில் பதிந்துவைக்க இயலும்.