ஏட்டில் ஏறாத உழவர்

நம் முன்னோர் யாவர் என்று எவரேனும் வினவினால், கல்லணை கட்டிய கரிகாலனையும் கடாரங் கொண்ட இராசேந்திரனையும் சுட்டிக் காட்டுவதில் நாம் யாருக்கும் பின்னிட்டதில்லை. மேடைதோறும் அப்பெருமை முழங்குகின்றது. ஆயினும் நம்மிற் பலருடைய பாட்டனுக்குப் பாட்டன் அரியணையில் அமர்ந்தவரல்லர், சேற்றில் நின்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தஞ்சைச் சீமையின் நன்செயில், பண்ணையாள் என்னும் பெயரோடு உழைத்து மாண்ட அவ்வுழவரின் வாழ்வு எத்தகையது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தோர் கதை சிறிது வேறுபடும். அதனைப் பிறிதோர் அமயத்துக்கு வைப்போம். நிலமுடையோர் அவரை ‘அவன்’ என்றே விளித்தனர். நாம் ‘அவர்’ என்றே எழுதுவோம்.

மேட்டூரில் அணை எழுந்தது 1934இல். அதற்கு முன் காவிரி குடகு மழையை நம்பியே வந்தது. ஆற்றில் நீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பை வெட்டிச் சீர்செய்து காத்திருக்க வேண்டும். நீர் வந்ததும் ஓய்வு என்பதே இல்லை. நாற்றங்காலில் விதைத்தல், சேற்றுழவு, பரம்படித்தல், மடை திறத்தல், மடை அடைத்தல் என்று அவர் பொழுது கழியும். குனிந்த இடுப்பு நிமிராமல் நடவு நட்டவரும் களை பறித்தவரும் அவர் மனைவியும் மகளும் ஆவர். அந்த வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் வேலை காத்திருந்தது. மாடு மேய்ப்பதே அதற்குப் பள்ளிக்கூடம். தை பிறக்கும்போது சம்பா விளைந்து நிற்கும். அறுத்து, கட்டுக்கட்டி, களத்தில் அடித்து, வைக்கோலை மாடு கட்டிப் போரடித்து, காற்றில் தூற்றி, நெல்லைப் பொலியாகக் குவிப்பது வரை எல்லாம் அவர் கைவேலையே. பிறகு மரக்கால் வரும். அளப்பது மட்டும் அவர் கையன்று.

கூலி நெல்லாகவே கிடைத்தது. வேலையுள்ள மாதங்களில் அது கஞ்சிக்கு ஆகும். பங்குனி, சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும்போது வயிறு மட்டும் வெடிக்காமல் இருக்குமா? மிராசுதாரரிடம் கடன் கேட்டே தீரவேண்டும். கலியாணத்துக்கும் கடன், சாவுக்கும் கடன். தந்தை வாங்கிய கடன் மகன் தோளில் ஏறும். கடனுள்ள வரையில் பண்ணையை விட்டு நீங்க இயலாது, கடனோ தீர்வதில்லை.

இதனை வெறும் வறுமை என்று கொள்ளலாகாது. பள்ளர், பறையர் முதலிய குலத்தாரை நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. 1819ஆம் ஆண்டிலேயே சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் இந்த அடிமைமுறை குறித்து அறிக்கை கேட்டது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை மீது எவரும் கோரும் உரிமையைக் கம்பெனியின் நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆனால் அடிமை வைத்திருப்பவரைத் தண்டிக்க அதில் வழியில்லை. தண்டனைக்கு 1860ஆம் ஆண்டின் குற்றவியல் தொகுப்பு வரவேண்டியிருந்தது. அது நடப்புக்கு வந்ததோ 1862இல். கச்சேரியில் மாறிய சட்டம் சேரிக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்றோ! சாசனம் போயிற்று, அதன் இடத்தில் கடன்சீட்டு வந்தது.

இதற்கிடையே 1830களின் பிற்பகுதியில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்துக்கு ஓடி வீணாகிய நீர் காவிரிக்குத் திரும்பிற்று. தஞ்சை வயல்கள் செழித்தன. சர்க்கார் தீர்வை ஒழுங்காக வந்தது. நிலத்தின் விலையும் ஏறியது. அணையின் பயனைப் பாராட்டாதார் இல்லை, நாமும் பாராட்டுகின்றோம். ஆனால் அவ்வணை நீர் பாய்ந்த வயலின் பட்டாவில் பண்ணையாளர் பெயர் இல்லை. மிராசுதாரர் பெயர் இருந்தது, கோயில் பெயர் இருந்தது, மடத்தின் பெயர் இருந்தது. நன்செய் இவ்வளவு, புன்செய் இவ்வளவு என்று எழுதிய கணக்கர், அதை உழுதவர் இன்னார் என்று அதில் எழுதினாரில்லை.

அத்தகையவர்தாம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். 1860களின் தொடக்கத்தில் நாகையும் திருச்சியும் இருப்புப்பாதையால் இணைந்த பின், உள்நாட்டுக் கிராமத்தாருக்கும் துறைமுகம் கிட்டியதாயிற்று. அக்கரையில் மாகாண வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்கள் ஆள் கேட்டன. 1867 வரை பினாங்கும் கல்கத்தாவிலிருந்த இந்திய சர்க்காரின் ஆட்சியிலேயே இருந்தமையால், சட்டத்தின் கண்ணில் அது அயல்நாடும் அன்று. அவர் விட்டுச் சென்றதோ அயலினும் கொடியது.

இங்கே பாலும் தேனும் ஓடியதென்று நாம் சொல்ல மாட்டோம். கப்பற் செலவு கடனாக எழுதப்பட்டது; அக்கடன் தீரும் வரை ஒப்பந்தம். காய்ச்சலும் சாவும் தோட்டந்தோறும் இருந்தன. அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது 1910இல்தான். ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு மாறினார் என்றே வைத்துக்கொள்வோம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டாவில் இடம்பெறாத பெயர் ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டது. கடனாளியாகத்தான், ஆனால் எழுதப்பட்டது. அத்தாளுக்கு ஒரு முடிவு நாளும் இருந்தது. ஊரில் வாங்கிய கடனுக்கு அது இருந்ததில்லை.

ஊரிலேயே தங்கிவிட்ட அவர் தம்பிமார்க்கு விடிவு மெல்லவே வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கச் சென்னை சர்க்கார் ஆணையிட்டது 1892இல். தஞ்சைப் பண்ணையாளர் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் பிறந்ததோ 1952இல். கப்பலேறியவருடைய பேரர்கள் அதற்குள் இங்கே பால்மரம் வெட்டி முதுமை எய்திவிட்டனர்.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் திடலைப் பிரட்டுக் களம் என்று நம்மவர் வழங்கினர். களம் என்னும் சொல், நெல் அடித்த ஊரிலிருந்து அவர்களோடு வந்தது. பழைய களத்தில் மரக்கால் எண்ணிக்கையே உரக்கக் கேட்கும். இந்தக் களத்தில் கிராணி அவர் பெயரை வாசித்தார்; அவரும், “இருக்கிறேன், ஐயா” என்றார்.