பழி சுமந்தவன் குதிரையேறி வந்தான்

எங்கள் சேரியில் நடத்தும் இரவுப் பாடசாலையில் மாதம் ஒருமுறை படம் காட்டுவது வழக்கம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரை வைத்து ஓட்டுவோம். போன தை மாசம் நான் காட்டியது 1938இல் வந்த ஒரு அமெரிக்கப் படம், 'டூ கன் மேன் ஃப்ரம் ஹார்லெம்'. குதிரை, துப்பாக்கி, பாட்டு, கோமாளித்தனம் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு மணி நேரத்துச் சங்கதி. குதிரையில் வருகிற கதாநாயகன் கறுப்பன். அவன் சிநேகிதன் கறுப்பன். காதலி, வில்லன், வில்லனின் அடியாட்கள் எல்லோருமே கறுப்பர்கள்.

படம் முடிஞ்சதும் ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் எழுந்து நின்னு கேட்டான்: "அண்ணே, இதுல வெள்ளைக்காரங்கல்லாம் எங்கண்ணே போனாங்க?"

எம்.ஏ. தமிழ் படித்தவன், மேடையேறிப் பேசுகிறவன் நான். முழித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் பதில் சொன்னான். அதைப் பிறகு சொல்கிறேன். அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை சின்னது. பாப் பிளேக் என்கிற இளைஞன் வயோமிங்கில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். பண்ணை முதலாளி கொலையாகிறான். பழி பாப் மேல் விழுகிறது. தப்பி ஓடி நியூயார்க்கின் ஹார்லெமுக்கு, அதாவது கறுப்பர்களின் பெருஞ்சேரிக்கு, வந்து சேர்கிறான். நம்ம பையன்கள் மேல் ஏதாவது ஒரு கேஸ் விழுந்ததும் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்களே, அது மாதிரிதான். ஹார்லெமில் அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் ஒரு ரவுடியைப் பார்க்கிறான். அவனுக்கு 'டீக்கன்' என்று பட்டப்பெயர். அந்த ரவுடியின் வேஷத்தில் ஊர் திரும்பி, கொலைகாரக் கும்பலுக்குள் புகுந்து, உண்மையை வெளியே கொண்டுவருகிறான். இரண்டு வேஷத்திலும் நடித்தவர் ஹெர்ப் ஜெப்ரிஸ்.

தமிழில் பழி என்கிற சொல்லுக்கு இரண்டு முகம். அடுத்தவன் நம்ம மேல போடுறதும் பழி, நாம திருப்பி வாங்குறதும் பழி. 1934இல் ஜான் வெய்ன் நடித்த 'வெஸ்ட் ஆஃப் தி டிவைட்' என்று ஒரு படம் இருக்கிறது. அதுவும் இதே மாதிரி காசில்லாமல் அவசரமாக எடுத்த படம்தான். அப்பாவைக் கொன்றவனைத் தேடி மகன் வருகிறான். அவனும் ஒரு ரவுடியின் பெயரை மாட்டிக்கொண்டுதான் கும்பலுக்குள் நுழைகிறான். வேஷம் இரண்டு படத்திலும் ஒன்றுதான். வெய்னோ பழி வாங்க வேஷம் போடுகிறான், பாப் பிளேக் பழி துடைக்க வேஷம் போடுகிறான். வெள்ளைக்கார மகனை யாரும் எதற்காகவும் சந்தேகப்படவில்லை. அவன் எதிரியைக் கண்டுபிடித்தால் போதும். கறுப்பு இளைஞனோ முதலில் தான் கொலைகாரன் இல்லை என்று காட்டியாக வேண்டும். அதற்கும் ஒரு குற்றவாளியின் முகம்தான் அவனுக்கு உதவுகிறது. கோபம் வருவதற்கு முன்னாலேயே நிரபராதி என்று சான்றிதழ் வாங்க வேண்டியவன் அவன்.

எனக்கு எட்டு, ஒம்பது வயசிருக்கும். ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று டிவியில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' பார்த்தோம். கர்ணன் எடுத்த கௌபாய் படம். மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு. யார் ஜெய்சங்கர், யார் வில்லன் என்று பங்கு பிரித்தார்கள். என்னைக் குதிரையாக்கினார்கள். வில்லனாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து நிற்க வைத்து ஒருத்தன் மாற்றி ஒருத்தன் ஏறினான். அன்றைக்கு அது அவமானம் என்றுகூடத் தோன்றவில்லை. நல்லா ஓடுற குதிரைன்னு பேர் வாங்கினேன்.

ஜெப்ரிஸ் தன் பேட்டிகளில் சொன்ன ஒரு சம்பவத்தைப் படித்தபோது இது ஞாபகத்துக்கு வந்தது. இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு சந்தில் கறுப்புச் சிறுவன் ஒருத்தன் அழுதுகொண்டு நின்றானாம். விளையாட்டில் அவன் டாம் மிக்ஸாக இருக்க ஆசைப்பட்டிருக்கிறான். டாம் மிக்ஸ் கறுப்பு இல்லை, நீ ஆக முடியாது என்று கூட விளையாடிய வெள்ளைப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய கொட்டகைகளில் கறுப்பு ஜனங்கள் வெள்ளைக்கார கௌபாய்களைப் பார்த்துக் கைதட்டுவதையும் அவர் கண்டார். வெள்ளையர் தியேட்டரில் இடம் கிடைத்தால் அது மாடியில் தனி வரிசை. சில ஊர்களில் வெள்ளையர் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு நடுராத்திரி ஆட்டம். நமக்குத் தனி டம்ளர், அவர்களுக்குத் தனி ஆட்டம்.

இந்தக் கொட்டகைகளை நம்பித்தான் கறுப்பு கௌபாய் படங்கள் வந்தன. 1937இல் ஜெட் புயல் என்கிற தயாரிப்பாளரைப் பிடித்து ஜெப்ரிஸ் 'ஹார்லெம் ஆன் தி ப்ரேரி'யில் நடித்தார். அடுத்து 'டூ கன் மேன்', பிறகு 1939இல் 'தி ப்ரான்ஸ் பக்கரூ', 'ஹார்லெம் ரைட்ஸ் தி ரேஞ்ச்'. கலிபோர்னியாவில் விக்டர்வில் பக்கம் மர்ரே என்கிற கறுப்புத் தம்பதி ஒரு பண்ணை வைத்திருந்தார்கள். நகரத்து ஆட்கள் காசு கொடுத்துத் தங்கிக் குதிரையேறிப் பார்க்கிற இடம். படப்பிடிப்புக்கு அது வசதியாகப் போயிற்று. தயாரித்த புயலும், பிந்தைய மூன்று படங்களை இயக்கிய ரிச்சர்ட் கானும் வெள்ளையர்கள். காசு அவர்களுடையது, உடம்பும் குரலும் கறுப்பர்களுடையது.

இந்தப் படங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடச் சொல்லவில்லை. 'ப்ரான்ஸ் பக்கரூ'வில் பேசும் கழுதை என்று ஒரு ஏமாற்று வித்தையை வைத்து வெகுநேரம் சிரிப்புக் காட்டுகிறார்கள். கண்ணை உருட்டிப் பயந்து நடுங்கும் வேலைக்காரக் கோமாளியை வெள்ளை சினிமா கறுப்பன் தலையில் கட்டியிருந்தது. அதே கோமாளி இங்கேயும் வருகிறான். ஜெப்ரிஸின் அம்மா ஐரிஷ் வெள்ளைக்காரி. அவர் நிறம் வெளுப்பு என்பதால் கறுப்பாகத் தெரிய மேக்கப் போட வேண்டியிருந்தது. ஆனாலும் கதாநாயகனும் கதாநாயகியும் வெளுத்த நிறம், சிரிப்புக்காரன் கருத்த நிறம் என்கிற கணக்கு மாறவில்லை. இந்தக் கணக்கைத் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'வெறும் வணிகக் குப்பை' என்று நம் முற்போக்கு விமர்சகர்கள் ஒரே வரியில் தள்ளிவிடவும் செய்யலாம். ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்தவனால் அவ்வளவு சுளுவாகத் தள்ள முடியாது.

கறுப்பன் குதிரையேறியது கற்பனையும் இல்லை. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சாஸிலிருந்து கன்சாஸுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிப் போனவர்களில் நாலில் ஒருத்தர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. மாடு மேய்ப்பதும், குதிரை பழக்குவதும், ராக்காவல் இருப்பதும் அடிமையாக இருந்தபோது கற்ற வேலைகள். நேட் லவ் 1854இல் டென்னஸியில் அடிமையாகப் பிறந்தவர். மாடோட்டி வாழ்ந்தார், தன் கதையை 1907இல் புத்தகமாகப் போட்டார். பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலை ரயிலில் வெள்ளைப் பயணிகளுக்குப் படுக்கை போடும் போர்ட்டர் வேலை. மாட்டைக் கொம்பைப் பிடித்து மண்ணில் சாய்க்கும் வித்தையைப் பேரெடுக்க வைத்த பில் பிக்கெட்டும் கறுப்பர். மாட்டோடு மல்லுக்கட்டி வாழ்ந்த ஜனங்களின் வேலையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிற வித்தை ஹாலிவுட்டுக்கு மட்டும் தெரிந்ததல்ல.

ஆக, வெள்ளைக்காரன் தன் படத்தில் கறுப்பனை அழித்தான். கறுப்பர்களின் படத்தில் வெள்ளைக்காரன் இல்லை. பையன் கேட்டது இந்த இரண்டாவது இல்லாமையைப் பற்றி. சரிக்குச் சரி என்று இதைச் சொல்லிவிட முடியாது. 1938இல் நடந்ததைப் பாருங்கள். கும்பல் சேர்ந்து அடித்தும் தூக்கில் தொங்கவிட்டும் கொல்லும் 'லின்ச்சிங்' கொடுமைக்கு எதிரான சட்ட வரைவு அதற்கு முந்தின வருஷம் கீழவையில் நிறைவேறியிருந்தது. 1938 தொடக்கத்தில் அது மேலவைக்கு வந்தபோது தெற்கு மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். 1882 முதல் 1968 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர், அதில் கறுப்பர்கள் 3,446 பேர் என்று டஸ்கிகீ நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. பழி விழுந்தாலே போதும், விசாரணை கிடையாது. இந்தக் குற்றத்துக்கென்று தனியாக ஒரு தேசியச் சட்டம் வர 2022 ஆயிற்று.

1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலான தணிக்கை நெறி ஒன்றும் இருந்தது. தற்காலத்தில் நடக்கும் கதையில் பழிவாங்கலை நியாயப்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு விதி. வெள்ளைக்காரன் பழைய காலத்துக் கதை என்று குதிரையேறித் தப்பித்துக்கொண்டான். ஹார்லெம் ரவுடிக் கும்பல் வருகிற கதை பழைய காலம் ஆகாது. அந்த வருஷத்தில், அந்த நாட்டில், ஒரு கறுப்பு இளைஞன் வெள்ளைக்காரனைத் தேடிப் போய்த் துப்பாக்கியை நீட்டுகிற படத்தைத் தெற்கே எந்தக் கொட்டகைக்காரன் ஓட்டியிருப்பான்? கறுப்பனைக் குதிரையில் ஏற்றுவதற்கு அவர்கள் கொடுத்த விலை, கொடுமை செய்தவனைக் கதையை விட்டே வெளியேற்றியது. குதிரை கிடைத்தது, எதிரி காணாமல் போனான்.

அவனை வெளியேற்றாமல் படம் எடுத்தவரும் உண்டு. ஆஸ்கர் மிஷோ, அடிமைகளாக இருந்தவர்களின் மகன். தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதவர், தன் புத்தகங்களைத் தானே வீடு வீடாக விற்றவர். 1920இல் அவர் எடுத்த 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' படத்தில், கறுப்பு விவசாயியின் நிலத்தில் எண்ணெய் இருப்பது தெரிந்து, அவனை விரட்ட முகமூடிக் குதிரைக்காரர்கள் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். கூ க்ளக்ஸ் க்ளானைத்தான் காட்டுகிறார் என்பது யாருக்கும் புரியும். அவர்களை அடித்து விரட்டும் காட்சியைச் சொல்லித்தான் படத்துக்கே விளம்பரம் செய்தார்கள். பெல்ஜியத்து ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து மீண்டு வந்த பிரதியில் அந்தக் காட்சி இல்லை. குதிரைக்காரர்கள் கிளம்பி வருகிறார்கள். அவர்கள் தோற்று ஓடுவதைக் காட்டும் பகுதி மட்டும் போய்விட்டது. யாராவது வெட்டினார்களா, தானே சிதைந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டேன். எப்போதும் தொலைந்து போவது அந்தப் பக்கம்தான்.

வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு எதிரே வந்து நின்ற படம் ஒன்று 1972இல் வந்தது. சிட்னி பாய்ட்டியர் இயக்கி நடித்த 'பக் அண்ட் தி ப்ரீச்சர்'. விடுதலையான அடிமைகள் வண்டி கட்டி மேற்கே நிலம் தேடிப் போகிறார்கள். கரும்புக்கும் பருத்திக்கும் ஆள் இல்லையென்று லூசியானா பண்ணைக்காரர்கள் கூலிப்படையை அனுப்பி அவர்களைத் திருப்பி இழுத்துவரப் பார்க்கிறார்கள். பண்ணையாள் ஓடிப்போனால் ஆள் அனுப்பிக் கட்டி இழுத்து வந்த கதையைத் தஞ்சைப் பக்கத்துத் தாத்தாக்களிடம் கேட்டிருப்பவர்களுக்கு இது வேற நாட்டுக் கதையாகத் தெரியாது. பாய்ட்டியரும் பெலஃபான்டேயும் அந்தக் கூலிப்படையைச் சுடுகிறார்கள். அதே வருஷம்தான் பம்பாயில் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துத் தலித் பேந்தர் என்று கிளம்பினார்கள். அதே வருஷம்தான் இங்கே ஜெய்சங்கரின் 'கங்கா'வும் வந்தது. அதில் எங்களுக்கு இடம் என்ன என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

2021இல் வந்த 'தி ஹார்டர் தே ஃபால்' படத்தில் நேட் லவ் பெயரில் ஓர் இளைஞன் வருகிறான். அப்பா அம்மாவைக் கண்ணெதிரே கொன்றவனைத் தேடிப் பழி வாங்கப் போகிறான். நிறையப் பணம், நல்ல இசை, கம்பீரமான குதிரைகள். நிஜமான நேட் லவ் அப்படி யாரையும் பழி வாங்கக் கிளம்பியவர் இல்லை. அதை விடுங்கள். கொன்றவன் யார் என்று பார்த்தால் அவனும் கறுப்பன். வெள்ளையர் ஊர் ஒன்று போகிற வழியில் வந்து போகிறது. எண்பது வருஷத்துக்குப் பிறகு எந்த விதியும் தடுக்காதபோதும், பழிக்கணக்கு சேரிக்குள்ளேயே தீர்கிறது. படத்தை ரசித்தேன், இரண்டு தடவை பார்த்தேன். ரெண்டாவது தடவையும் அந்த இடம் உறுத்தத்தான் செய்தது.

அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயசு. பேர் வேண்டாம். கூலி பாக்கியைக் கேட்ட மறு வாரம், பம்புசெட் மோட்டாரைத் திருடிவிட்டான் என்று அவன் மேல் புகார். திருப்பூருக்கு ஓடிப்போய் மூணு மாசம் பனியன் கம்பெனியில் கிடந்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பிடித்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். பையன் கேட்ட கேள்விக்கு அவன் உட்கார்ந்தபடியே சொன்னான்: "வெள்ளைக்காரன் இருந்திருந்தா இவன் எங்கடா திரும்பி வந்திருப்பான்? ஹார்லெம்லயே கெடந்திருப்பான்."

பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் எழுந்து வந்து வேட்டியை அவிழ்த்து, தூசி தட்டி மடிச்சுக் கொடுத்தான். வர்ற வியாழக்கிழமை அவனுக்கு வாய்தா. ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நானும் கூடப் போறேன்.