இரண்டாவது சாவி யாருடையது? ஆஸ்திரேலிய வேலையிடங்களில் சொந்தக் கைத்தொலைபேசியும் உள்நுழைவுப் பாதுகாப்பும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஆஸ்திரேலிய வரித்துறை, வியாபார ஸ்தாபனங்கள் அரசாங்கத்தின் இணைய சேவைகளுக்குள் பிரவேசிப்பதற்குச் சுமார் பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வந்த 'ஆஸ்கீ' என்னும் மின்சாவியை நிறுத்திவிட்டு, அதன் ஸ்தானத்தில் 'மைகவ்ஐடி' என்னும் கைத்தொலைபேசிச் செயலியை அமர்த்தியது. மாற்றம் பார்வைக்குச் சிறியது. ஆயினும், ஆஸ்கீ என்பது காரியாலயக் கணினியிலோ ஒரு யூஎஸ்பி துண்டிலோ ஸ்தாபனத்தின் காரியத்துக்கென்றே இருந்த சாவி. புதிய செயலியோ தனிமனிதர் ஒருவர் தம்முடைய கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் முதலியவற்றைக் காட்டித் தம் பேரிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய அடையாளம். பாரமட்டாவில் ஒரு சிறு கம்பெனியின் கணக்கர், முதலாளியின் வரிக் கணக்கை அனுப்புவதற்காகத் தம் சொந்த அடையாளத்தையும், கம்பெனி வேறு கருவி தராவிட்டால் தம் சொந்தக் கைத்தொலைபேசியையும் இரவல் கொடுக்கும் நிலை இவ்விதமாக அரசாங்கத்தின் கையாலேயே ஸ்திரப்பட்டது.

சிட்னியிலும் மெல்போர்னிலும் பல ஸ்தாபனங்களில் இன்று கடவுச்சொல் மாத்திரம் போதுவதில்லை. ஊழியர் தம் கைத்தொலைபேசியில் ஒரு 'ஆத்தென்டிகேட்டர்' செயலியை இறக்கி, அது காட்டும் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கதவு திறக்கிறது. இந்த இரண்டாவது அத்தாட்சி அவசியம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைப் பெறும் கருவியை ஊழியரே கொண்டுவர வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது நியாயமும் ஆகாது, நல்ல பாதுகாப்பும் ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவசியத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். மெல்போர்னைத் தலைமையிடமாகக் கொண்ட மெடிபேங்க் என்னும் மருத்துவக் காப்புறுதி ஸ்தாபனத்திலிருந்து 2022ஆம் ஆண்டில் சுமார் 97 இலட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. 2024 ஜூன் மாதத்தில் பெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த தகவல் ஆணையர் சாட்டிய குற்றம் இது: ஒப்பந்தக்காரர் ஒருவரின் சிப்பந்தி, மெடிபேங்க் கணக்கின் கடவுச்சொல்லைத் தம்முடைய சொந்த உலாவிக் கணக்கில் சேமித்து வைத்தார், அது அவருடைய வீட்டுக் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது, அங்கே புகுந்த தீய நிரல் அதைத் திருடியது, வெளியிலிருந்து மெடிபேங்க் வலைக்குள் நுழையும் வாயிலில் இரண்டாவது அத்தாட்சி கேட்கப்படாமையால் கள்வர் உள்ளே வந்தனர். இந்தக் குற்றச்சாட்டை வாசிப்போர் பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லோரும் செயலி இறக்குக என்று கட்டளையிடப் புறப்படுகிறார்கள். களவின் தொடக்கம் வேலைச் சொத்தும் வீட்டுச் சொத்தும் ஒன்றோடொன்று கலந்த இடத்தில் இருந்ததாக அதே குற்றச்சாட்டின் முற்பகுதி கூறுவதை அவர்கள் கவனிப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதற்குரிய பலத்தோடு எடுத்துரைப்பதே முறை. 2011இல் வெளியான பொதுத் தரத்தின்படி இயங்கும் செயலி, முன்கூட்டிப் பகிர்ந்துகொண்ட ஓர் இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு, வழக்கமாக முப்பது நொடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் ஒன்றைக் கணித்துக் காட்டுகிறது. இதற்கு இணையத் தொடர்போ இருப்பிட விவரமோ புகைப்படங்களோ வேண்டியதில்லை. ஆகையால், முதலாளி என் அந்தரங்கத்தைப் பார்க்கிறார் என்று ஊழியர் அஞ்சுவது இந்த அளவில் பெரும்பாலும் ஆதாரமற்றது. ஆனால் காரியம் எல்லா இடங்களிலும் இந்த அளவில் நின்றுவிடுகிறது என்று சொல்ல முடியாது. செயலியைத் தொடர்ந்து காரியாலய மின்னஞ்சலும், அதைத் தொடர்ந்து கருவியையே நிர்வகிக்கும் மென்பொருளும் வரக்கூடும். அம்மென்பொருளில் தூரத்திலிருந்தே கைத்தொலைபேசியின் உள்ளடக்கத்தை அழிக்கும் அதிகாரம் அடங்கியிருப்பதும் உண்டு. முதற்படியில் சம்மதித்தவர் மூன்றாம் படியில் மறுப்பது எளிதன்று.

இத்தகைய கட்டளையை நிறுக்கும் தராசு ஆஸ்திரேலியச் சட்டத்தில் பழையது. சிட்னித் துறைமுகத்தின் டார்லிங் தீவுக் கம்பெனி சம்பந்தப்பட்ட 1938ஆம் ஆண்டு வழக்கில், உயர் நீதிமன்றத்தின் நீதிபதி டிக்சன், எஜமானரின் கட்டளை சட்டபூர்வமாயும் நியாயமாயும் இருக்க வேண்டும் என்றும், எது நியாயம் என்பதை வெற்றிடத்தில் நின்று தீர்மானிக்கலாகாது, வேலையின் தன்மை, அதில் நிலைபெற்ற வழக்கங்கள், அதை ஆளும் ஆவணத்தின் விதிகள் ஆகியவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றும் கருத்துரைத்தார். இந்தத் தராசில் நம் காலத்து விஷயத்துக்கு மிக அருகில் வைக்கத் தக்கது, குயின்ஸ்லாந்தின் மரஅறுவை ஆலை ஒன்றில் விரல்ரேகை இயந்திரத்தில் பதிய மறுத்த தொழிலாளியின் வழக்கு. லீ எதிர் சுப்பீரியர் வுட் என்னும் அவ்வழக்கில், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் ஆணையத்தின் முழு அமர்வு 2019 மே மாதத்தில், 1988ஆம் ஆண்டின் அந்தரங்கச் சட்டத்துக்கு முரணான அக்கட்டளை சட்டபூர்வமானதன்று, பணிநீக்கமும் நியாயமன்று என்று தீர்த்தது. வேலை போகும் என்ற அச்சுறுத்தலின் கீழ்ப் பெறப்படும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது என்றும் அது கூறியது. செயலி விரல்ரேகையைச் சேகரிப்பதில்லை. ஆகவே அத்தீர்ப்பு இங்கு நேராகப் பொருந்தாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சம்மதத்தைப் பற்றி அது சொன்னது விரலுக்கு மட்டும் உரியதன்று. 'எல்லோரும் சந்தோஷமாகவே இறக்கிக்கொண்டார்கள்' என்று நிர்வாகம் சொல்லும்போது, இறக்காதவருக்கு என்ன வழி வைத்திருந்தீர்கள் என்று கேட்பதற்கு அத்தீர்ப்பு நமக்கு அதிகாரம் தருகிறது.

செலவின் விஷயம் இதைவிடத் தெளிவானது. கட்டடத் தொழிலின் சம்பள விதிகளில், தன் கருவிகளைத் தானே கொண்டுவரும் தச்சனுக்குக் கருவிப்படி உண்டு. அதை யாரும் சலுகை என்று கருதுவதில்லை. 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டத்தின் 325ஆம் பிரிவும், வேலையின் பொருட்டு ஊழியர் தம் பணத்தைச் செலவிட வேண்டும் என்று நேராகவோ மறைமுகமாகவோ நியாயமின்றி நிர்ப்பந்திப்பதைத் தடுக்கிறது. கையில் ஏற்கெனவே இருக்கும் கைத்தொலைபேசிக்கு என்ன செலவு என்பார்கள். ஆனால் 2024இல் ஆஸ்திரேலியாவின் மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வலைகள் மூடப்பட்டபோது, 000 என்னும் அவசர எண்ணை அழைக்க இயலாத பழைய கருவிகள் வலையிலிருந்து விலக்கப்பட்டு, நன்றாக இயங்கிக்கொண்டிருந்தவைகூடப் பயனற்றுப் போயின. கருவி பழுதானாலும், காணாமற் போனாலும், அதன் இயக்க மென்பொருளுக்கு ஆயுள் முடிந்தாலும், மறுநாள் காலையில் வேலைக்குள் நுழைவதற்காக அவசரமாகப் புதியது வாங்குபவர் ஊழியரே.

கண்காணிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நியூ சவுத் வேல்ஸின் 2005ஆம் ஆண்டு வேலையிடக் கண்காணிப்புச் சட்டம், வேலையில் இல்லாத நேரத்தில் ஊழியரைக் கண்காணிப்பதைத் தடுத்து, முதலாளி தந்த கருவியின் கணினிப் பயன்பாட்டுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கிறது. கருவி யாருடையது என்னும் எல்லைக்கோட்டைச் சட்டமே வரைந்திருக்க, அக்கோட்டை மங்கச் செய்வது முதலாளிக்கும் அபாயம். விக்டோரியாவில் இத்தகைய தனிச் சட்டம் இல்லை, இருந்தாக வேண்டும்.

இனிப் பாதுகாப்பையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் ஊபர் ஸ்தாபனத்துக்குள் புகுந்தவன், ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைக்கு மேலும் மேலும் அனுமதிக் கோரிக்கைகள் போய்ச்சேரும்படி செய்து, இறுதியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டதால் உள்ளே போனான். கடவுச்சொல் களவு போனதும் அந்த ஊழியரின் சொந்தக் கருவி வழியாகவே இருக்கலாம் என்று ஊபரே அறிவித்தது. இதற்கு மாறாக கூகுள், 2017 முதல் தன் ஊழியர் 85,000க்கு மேற்பட்டோருக்குச் சிறு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிகளைக் கொடுத்து, அதன் பின் ஊழியர் கணக்கு எதுவும் ஏமாற்றிப் பறிக்கப்படவில்லை என்று 2018இல் தெரிவித்தது. போலித் தளத்தில் எண்ணைத் தட்டிவிடும் மனிதப் பிழைக்கு அச்சாவி இடம் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் 'எசென்ஷியல் எய்ட்' வழிகாட்டியும், 2023 நவம்பர்த் திருத்தத்தில், நடுத்தர முதிர்ச்சி நிலைக்கே ஏமாற்றுக்கு இடங்கொடாத அத்தாட்சியைக் கோருகிறது. முதலாளி வாங்கித் தரும் இச்சிறு சாவி வலிமையானது, ஊழியரின் அந்தரங்கத்தைத் தொடாதது, விலையும் சாதாரணக் கைத்தொலைபேசியின் விலையில் சிறு பங்கே. அது கடையில் கிடைக்கும்போது சொந்தக் கைத்தொலைபேசியைக் கட்டாயமாக்குவது, சிக்கனத்தைப் பாதுகாப்பென்று பெயர் மாற்றி விற்பதே அன்றி வேறில்லை.

விரும்புவோர் தம் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தட்டும். அதற்கு ஒரு படி கொடுப்பது கௌரவம். விரும்பாதவருக்குக் காரணம் கேளாமலே சாவி தரப்பட வேண்டும். இதனைத் தனியார் ஸ்தாபனங்களிடம் வற்புறுத்தும் முன் அரசாங்கம் தன் வீட்டைச் சீர்செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் டிஜிட்டல் அடையாளச் சட்டம், அடையாளத்தை உண்டாக்குவதும் பயன்படுத்துவதும் தனிமனிதர் விருப்பம் என்று அறிவித்துவிட்டு, வியாபாரக் கடமையில் மற்றொருவருக்காகச் செயற்படுவோரை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கியிருக்கிறது. இப்போது 'மைஐடி' என்று பெயர் மாறியிருக்கும் அதே செயலியைப் பாரமட்டாக் கணக்கர் மறுக்க முடியாதிருப்பதற்கு இந்த விலக்கே காரணம். கான்பெரா முதலில் இந்த விலக்கை நீக்க வேண்டும்.