இல்லில் நட்ட காந்தள்

காந்தளைப் பாடிய சங்கப் புலவர் பலர். மகளிர் விரலுக்கு உவமையாகவும், முருகன் சூடும் கண்ணியாகவும், மழைநாளில் மலையெங்கும் ஏற்றிய விளக்காகவும் அதனைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பார்த்தது பூவை. பூவை விடுத்து, மண்ணுக்குள் இருக்கும் முதலைப் பார்த்த பாடல் ஒன்று குறுந்தொகையில் உள்ளது. கபிலர் பாடிய 361ஆம் பாடல் அது.

தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நம் அன்னை செய்த நன்மைக்கு மேலுலகத்தையே தந்தாலும் ஈடாகாது. தலைவனுடைய மலையில் மாலையில் பெய்த மழை ஆறாகப் பெருகி, மறுநாள் காலை ஒரு காந்தட் செடியை வேரோடும் கிழங்கோடும் கொண்டுவந்து சேர்த்தது. மெல்லிய இலைகள் குழையுமளவு அதனைத் தழுவிக்கொண்டேன். வீட்டுக்கு எடுத்துச்சென்று நட்டேன். இரண்டையும் அன்னை கண்டாள், தடுக்கவில்லை.

ஆறே அடிகளில் கபிலர் சொல்லி முடித்துவிட்ட செய்தி இவ்வளவுதான். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது நாம் வழக்கமாகத் தலைவியின் காதலையும் தாயின் பெருந்தன்மையையும் விளக்கிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இது தோட்டக்கலை வரலாற்றுக்கும் உரிய பாடல். மலையில் தானாக வளர்ந்த, ஆண்டுதோறும் மடிந்து மீண்டும் தளிர்க்கும் ஒரு காட்டுச் செடியை வீட்டு நிலத்திற்குப் பெயர்த்து நட்ட செயலை இத்தனை தெளிவாகச் சொல்லும் பழம்பாடல் வேறொன்று எமக்கு நினைவில் வரவில்லை.

கபிலர் இங்கே 'முழுமுதல்' என்னும் சொல்லை ஆள்கிறார். அது வெறும் அடைமொழி அன்று. காந்தளின் உயிர் அதன் கிழங்கில் இருக்கிறது. அக்கிழங்கு கலப்பையின் வடிவில் இரு கவடாகப் பிரிந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்று நம்மவரும், இலாங்கலி என்று வடமொழியாளரும் பெயரிட்டது இதனால்தான். முளைக்கும் கண் கவட்டின் நுனியில்தான் உண்டு. நுனி ஒடிந்தால் அக்கவடு முளைக்காது. வடகிழக்குப் பருவமழையில் பூத்து, காய் முற்றியபின் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கும். அடுத்த மழையில் புதுத்தளிர் எழும்போது பழைய கிழங்கு தன்னைக் கரைத்துப் புதிய கிழங்கை உருவாக்கிவிட்டு வற்றிப்போகும். ஆகவே பூவை மட்டும் கொண்டுபோனவளுக்கு மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. முழுமுதலைக் கொண்டுபோனவளுக்கு இலை குழைந்து தண்டு சாய்ந்தாலும் அடுத்த கார்காலம் வரை காத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. தலைவன் வரும்வரை காத்திருக்க வேண்டியவளுக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது? குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலைக் காந்தளில் தொடங்கிய புலவருக்கு அதன் இயல்பு தெரியாமல் இருந்திருக்காது.

தாய் தடுக்கவில்லை என்பதிலும் ஒரு கனம் உண்டு. காந்தட் கிழங்கு கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று மயங்கி உண்டு இறந்தவர்கள் உண்டு. அறிந்தே உண்டு இறந்தவர்களும் உண்டு. அது முருகனுக்குரிய பூவுமாகும். தொல்காப்பியம் வேலன் வெறியாடுவதையே காந்தள் என்னும் துறையாக வகுத்திருக்கிறது. மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாமல் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்தும் தாயரைச் சங்கப் பாடல்களில் அடிக்கடி சந்திக்கிறோம். இந்தத் தாயோ அதே பூவின் செடி தன் வீட்டில் நடப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தாள். அவள் எதையோ புரிந்துகொண்டாள் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இப்பாடலின் நிலக்காட்சியைக் கண்ணால் காண விரும்புவோர் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. செஞ்சிக்கும் போகலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. யானைகள் படுத்திருப்பது போன்ற பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, இடுக்குகளில் தங்கிய மண்ணில் முட்புதர்கள் வளர்ந்திருக்கும். அப்படிப்பட்ட புதரே காந்தளுக்கு உகந்த இடம். தன் இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி, அருகிலுள்ள முள்மரத்தைப் பிடித்தேறி, தலைக்குமேல் பூக்கும் கொடி அது. செஞ்சிப் பகுதி மலைகளில் பெய்யும் மழைநீரே சங்கராபரணியாகத் திரண்டு, வீடூர் வழியாகப் புதுவைப் பகுதிக்குச் சென்று கடலில் கலக்கிறது. மாலையில் மலையில் பெய்த மழை காலையில் சமவெளிக்கு வந்து சேரும் என்பது இங்கே கவிதை மட்டுமன்று, நீரியல்.

கோட்டையின் வரலாறு கைமாறுதல்களின் வரலாறு. நாயக்கரிடமிருந்து 1649இல் பீஜப்பூர்ச் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும், நெடிய முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயருக்கும் போனது. தேசிங்கு 1714இல் மடிந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். கையில் வாங்கியவர்கள் எல்லோரும் மதிலை உயர்த்தினார்கள் அல்லது இடித்தார்கள்.

கோட்டைகள் கைமாறிய அதே காலத்தில் காந்தளும் கடல் கடந்தது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் ஏழாம் தொகுதி (1688) அதனை மேந்தோன்னி என்ற மலையாளப் பெயரில் படத்துடன் விளக்கியது. நம் 'தோன்றி'யின் ஒலி அப்பெயரில் கேட்கிறது. இலங்கையில் மருத்துவராகப் பணியாற்றிவிட்டு லெய்டனில் தாவரவியல் பேராசிரியரான பவுல் ஹெர்மன், அந்நகரத் தோட்டத்தைப் பற்றிய தம் நூலில் 1687இலேயே இச்செடிக்கு இடம் தந்திருந்தார். 1753இல் லின்னேயஸ் அதற்கு 'குளோரியோசா சுபெர்பா' என்று பெயர் சூட்டியபோது செஞ்சிக் கோட்டையில் பிரெஞ்சுப் படை இருந்தது. புகழும் பெருமிதமும் கலந்த அப்பெயர், குன்றில் முட்புதரோடு வளர்ந்த கொடியை ஐரோப்பியக் கண்ணாடி மனைகளுக்கு உரியதாக்கியது.

அடுத்த பெயர்ப்புக்குக் காரணம் அழகன்று, நஞ்சு. பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் 1820இல் ஐரோப்பியச் செடியான கொல்சிக்கத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளே கொல்சிசின். கீல்வாத வலிக்கு இன்றும் அது மருந்து. 1937இலிருந்து செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் பயன்பட்டு, பயிர் வளர்ப்பாளரின் கருவியாயிற்று. காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அதே நஞ்சு உண்டு, விதையில் மிகுதி. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் அது வயற்பயிராயிற்று. உழவர்கள் அதனைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கொடி ஏறக் கிளுவையும் விராலியும் நட்டார்கள். கம்பிப் பந்தலும் போட்டார்கள். காலையில் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்துக் காய் பிடிக்கச் செய்கிறார்கள்.

வரலாறு நம்மைக் கேள்வி கேட்பது இங்கேதான். வயலுக்கு விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மலையிலிருந்து. விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்; தோண்டிய கிழங்கு முதல் மழையிலேயே பூக்கும். ஆகவே தோண்டினார்கள். விலை ஏறியபோது மேலும் தோண்டினார்கள். கிழங்கைத் தோண்டியெடுத்த இடத்தில் பூவும் இல்லை, அடுத்த தலைமுறைக்கு விதையும் இல்லை. நம் மாநில மலர் என்று பாடநூலில் படிக்கும் மாணவர்களுள் பலர் அதனைச் செடியில் கண்டதில்லை.

இந்த இடத்தில் கபிலரிடம் திரும்பிச் செல்வது பயன்தரும். அவருடைய தலைவி மலையேறவில்லை, தோண்டவில்லை. வெள்ளம் ஏற்கெனவே பெயர்த்துக் கொண்டுவந்ததை, கரையில் விட்டால் காய்ந்து மடியக்கூடியதை, எடுத்து நட்டாள். மலைக்கு அவளால் ஓர் இழப்பும் இல்லை. தலைவனுடைய மலையில் பள்ளம் பறித்துவிட்டு அவன் நினைவாக ஒன்றை வளர்ப்பது அன்பாகாது என்று அவள் எண்ணியிருக்க வேண்டியதில்லை. பாடலின் அமைப்பே அந்த நிலை நேராமல் பார்த்துக்கொள்கிறது.

வீட்டில் காந்தள் வளர்க்க விழைவோர்க்கும் அதுவே நெறி. செஞ்சிக் குன்றுகள் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளவை. 2025 சூலையில் மராட்டியரின் படைநிலக் காட்சிகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்தன. சுற்றியுள்ள காப்புக்காடுகளில் வேரோடு எதையும் பறிப்பது சட்டப்படிக் குற்றம். வயலில் பெருக்கிய கிழங்கையோ முற்றிய விதையையோ வாங்கலாம். கொடி காய்ந்து கிழங்கு உறங்கும் காலத்தில், நுனி ஒடியாமல், நீர் தேங்காத மண்ணில் கிடையாக வைத்து மூடினால் போதும். ஏறிக்கொள்ள அருகில் ஒரு புதர் வேண்டும். குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத மூலையாக இருத்தல் கட்டாயம்.

கோட்டையை வென்றவர்கள் தங்கள் பெயரை எழுதிவைத்தார்கள். காந்தளை நட்ட பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. ஆயினும் பிறர் நிலத்துப் பொருளொன்றை, அந்த நிலத்திற்கு ஊறு செய்யாமல் தனதாக்கிக்கொள்ளும் வழியை அறிந்தவள் அவள்.