லைன்மேனின் ஆட்டமும் ஒப்பந்தத் தொகையும்: என்எஃப்எல் ஒப்பந்தங்கள் மூன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு லைன்மேனோடு பல கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்படும் ஒவ்வொரு முறையும், இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு பணம் தகுமா என்ற விவாதம் மூள்கிறது. குவார்ட்டர்பேக் எத்தனை கஜம் பந்தை எறிந்தார் என்று எண்ணிவிடலாம். அதைப் பிடித்தவரின் கணக்கும் கைவசம் உண்டு. இரு அணிகளும் முட்டிக்கொள்ளும் கோட்டில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கும் லைன்மேனின் வேலைக்கு அப்படிப்பட்ட நிறைவான கணக்கு கிடையாது. அந்த வெற்றிடத்தைப் புகழ்ச்சியும் வசையும் நிரப்பிவிடுகின்றன.

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் தற்காப்பு வரிசையில் ஆடிய மூவரின் ஒப்பந்தங்களை இக்கட்டுரை ஆராய்கிறது: ரெஜி வைட் (1993, கிரீன் பே பேக்கர்ஸ்), ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் (2009, வாஷிங்டன்), ஏரன் டொனால்ட் (2018, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ்). மூன்றும் அந்தந்தக் காலத்தில் திகைக்கவைத்த தொகைகள். இரண்டு ஒப்பந்தங்கள் கோப்பை வரை சென்றன. ஒன்று அணியையே சீர்குலைத்தது. தொகையின் பருமனைக் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். பயிற்சியாளரும் வியூகமும் மாறியபோதும் ஆட்டக்காரரின் திறன் நிலைத்ததா என்பதே சரியான உரைகல் என்பது இரண்டாவது வாதம்.

1. அளவுகோலின் குறை

தற்காப்பு லைன்மேனுக்கு உள்ள பெரிய எண் 'சேக்'. பந்தை எறிவதற்குள் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவதே அது. என்எஃப்எல் இதைத் தனிநபர் கணக்காக அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது 1982இல்தான். தாக்குதல் வரிசை லைன்மேன்களுக்கு இந்த அளவுக்குக்கூட ஓர் எண் வாய்க்கவில்லை. அவர்கள் தவறும்போது மட்டுமே பெயர் வெளியே வரும்.

சேக் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆட்டத்தின் பெரும்பகுதி கண்ணில் படாது. தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் தடுப்பாளர்கள். அந்த ஐவரில் இருவரை ஒரே லைன்மேனைத் தடுக்க ஒதுக்கினால், மற்றத் தற்காப்பு ஆட்டக்காரர்களைத் தடுக்க மூவரே மிஞ்சுகிறார்கள். அவர்களுக்குத் துணையாக இன்னொருவரை நிறுத்தினால், பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்களில் ஒருவர் குறைகிறார். இருவரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, ஒரு சேக்கும் எடுக்காமல் ஆட்டத்தை முடிக்கும் லைன்மேன் தன் அணிக்கு ஓர் ஆளை மிச்சப்படுத்தித் தருகிறார். அந்த மிச்சம் பக்கத்தில் ஆடுபவரின் கணக்கில் சேக்காகப் பதிவாகிறது.

2022 பிப்ரவரி 13 அன்று நடந்த லீகின் இறுதி ஆட்டமான 56ஆவது சூப்பர் பவுல் இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ராம்ஸ் 23–20 என முன்னிலையில் இருந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்க, சின்சினாட்டி பெங்கால்ஸ் ராம்ஸின் 49 கஜக் கோட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாம் முயற்சியில் ஒரு கஜம் தேவை. பந்தோடு ஓடிய சமாஜே பெரைனை டொனால்ட் இழுத்து நிறுத்தினார். ஒரு கஜமும் கிடைக்கவில்லை. நான்காம் முயற்சியிலும் அதே ஒரு கஜம்தான் தேவை. டொனால்ட் தடுப்பாளரைத் தாண்டிப் போய்க் குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பற்றிச் சுழற்றினார். சுழன்றபடியே பரோ விட்டெறிந்த பந்து யார் கையிலும் விழாமல் தரையில் விழுந்தது. கோப்பை ராம்ஸுக்கு.

கோப்பையை உறுதிசெய்த அந்தச் செயல் சேக் கணக்கில் ஏறவில்லை. பந்து கையை விட்டுப் போனதால், ஏட்டில் அது 'பிடிபடாத எறிதல்'. அதே ஆட்டத்தில் ராம்ஸ் அணி எடுத்த சேக்குகள் மொத்தம் ஏழு. டொனால்டின் பெயரில் பதிவானவை இரண்டு. ஓர் ஒப்பந்தத்தின் ஆகச் சிறந்த நொடி ஏட்டில் இடம்பெறாமல் போகலாம் என்றால், அந்த ஏட்டை மட்டும் வைத்து ஒப்பந்தத்துக்குத் தீர்ப்பு எழுதுவது ஆய்வுக்கு அழகல்ல.

2. தொகையும் பங்கும்

வைட் பெற்றது நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர். ஹேன்ஸ்வொர்த்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு 10 கோடி; அதில் 4 கோடியே 10 லட்சம் உறுதியளிக்கப்பட்டது. டொனால்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 13 கோடியே 50 லட்சம். உறுதியளிக்கப்பட்டது 8 கோடியே 70 லட்சம். என்எஃப்எல்லில் ஒப்பந்தத் தொகை முழுவதும் கைக்கு வந்துவிடாது. உறுதியளிக்கப்படாத பகுதியைக் கொடுக்காமலேயே அணி ஆட்டக்காரரை விடுவிக்கலாம். செய்தித் தலைப்பில் வரும் தொகைக்கும் உண்மையில் கைமாறும் தொகைக்கும் இடைவெளி பெரிது.

இந்தத் தொகைகளை நேரடியாக ஒப்பிடுவதில் பயனில்லை. ஒவ்வோர் அணியும் ஆண்டுதோறும் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு லீக் ஓர் உச்சவரம்பு விதிக்கிறது. முதன்முதலாக 1994இல் நடைமுறைக்கு வந்தபோது அது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2009இல் 12 கோடியே 50 லட்சத்தை ஒட்டி இருந்தது; 2018இல் 17 கோடியே 72 லட்சம். வைட்டின் ஆண்டுச் சராசரியான 42 லட்சத்து 50 ஆயிரத்தை 1994 வரம்போடு வைத்துப் பார்த்தால் 12 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறது. ஹேன்ஸ்வொர்த்தின் சராசரி, ஒப்பந்தமான ஆண்டின் வரம்பில் 11 விழுக்காட்டுக்கு மேல். டொனால்டின் சராசரி 13 விழுக்காட்டை நெருங்குகிறது.

கால் நூற்றாண்டில் ஆண்டுச் சராசரித் தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. பங்கோ ஏறத்தாழ எட்டில் ஒன்றாகவே நிற்கிறது. மிகச் சிறந்த தற்காப்பு லைன்மேனுக்குச் சந்தை தரும் விலை இவ்வளவுதான் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். மூவருக்கும் விலை ஒன்றே என்றால், விளைவுகளின் வேறுபாட்டுக்கு விலை காரணமாக இருக்க முடியாது.

3. தோல்வியின் கூறுகள்

2007, 2008 ஆகிய இரண்டு பருவங்களில் டென்னஸி டைட்டன்ஸ் அணிக்காக ஹேன்ஸ்வொர்த் ஆடிய ஆட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. இரு ஆண்டுகளிலும் லீகின் சிறந்த அணித் தேர்வில் இடம்பெற்றார். ஆனால் அந்த ஆட்டம் ஒரே சூழலில் விளைந்தது. தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஜிம் ஷ்வார்ட்ஸின் வியூகத்தில், நான்கு பேர் கொண்ட முன்வரிசையில், எதிரே உள்ள இடைவெளியைப் பிளந்து பாய்வதே அவருடைய பணி. அந்தச் சூழலுக்கு வெளியே அவர் எப்படி ஆடுவார் என்பதற்குச் சான்று இல்லை.

வாஷிங்டனில் முதல் பருவத்திலேயே, தன்னைப் பயன்படுத்தும் முறை சரியில்லை என்று வெளிப்படையாகக் குறை கூறினார். 2010இல் மைக் ஷனஹன் தலைமைப் பயிற்சியாளராக வந்து, மூவர் நிற்கும் முன்வரிசைக்கு அணியை மாற்றினார். அதில் நடுவில் நிற்பவர் பாய்வதைவிட இருவரைத் தாங்கி நிற்க வேண்டும். அந்த இடத்தில் ஆட ஹேன்ஸ்வொர்த் விரும்பவில்லை. அந்தக் கோடையில் கட்டாயப் பயிற்சிக்கு வரவில்லை. முகாம் தொடங்கியதும் ஷனஹன் அவருக்கு ஓர் உடற்திறன் தேர்வு வைத்தார். 25 கஜத் தொலைவை முன்னும் பின்னுமாக ஓடி 300 கஜம் முடிக்க வேண்டும். சிறிது இடைவேளைக்குப் பின் இன்னொரு 300 கஜம். பல நாள் கழித்தே அதில் தேறினார். அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டங்களில் மட்டும் ஆடினார். கடைசி நான்கு ஆட்டங்களுக்கு அணியே அவரை இடைநீக்கம் செய்தது. 2011இல், பின்னொரு ஆண்டுக்குரிய ஐந்தாம் சுற்றுப் புதுமுகத் தேர்வுரிமைக்கு ஈடாக நியூ இங்கிலாந்து அணிக்கு அனுப்பப்பட்டார்.

இதில் பணம் கைமாறிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 அன்று அவருக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் ஊக்கத்தொகை சேர்ந்தது. புதிய வியூகத்தில் அவர் ஆடுவாரா என்பது தெளிவாகும் முன்பே பெரும் தவணை கொடுக்கப்பட்டுவிட்டது. தீமை அதோடு நிற்கவில்லை. உச்சவரம்பு இல்லாதிருந்த அந்த 2010ஆம் ஆண்டில் ஒப்பந்தச் சுமையை ஏற்றிக் காட்டிய முறைக்காக, பின்னர் லீக் வாஷிங்டனின் உச்சவரம்பிலிருந்து இரண்டு ஆண்டுகளில் 3 கோடியே 60 லட்சம் டாலரைக் குறைத்தது. அதற்குக் காரணமான ஒப்பந்தங்களில் ஹேன்ஸ்வொர்த்தினுடையதும் ஒன்று. அவர் போன பிறகும் அவருடைய ஒப்பந்தத்தின் பாரத்தை அணி சுமந்தது.

4. நிலைத்த திறன்

வைட் 1993இல் கிரீன் பேக்கு வந்தபோது அவருக்கு வயது 31. வயதை மட்டும் பார்த்தால் ஹேன்ஸ்வொர்த்தைவிட அவரே துணிச்சலான தேர்வு. ஆனால் பிலடெல்பியா ஈகிள்ஸில் அவர் ஆடிய எட்டுப் பருவங்களில் ஒன்றில்கூடச் சேக் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இறங்கவில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள். தற்காப்பு முறையும் மாறியது. வைட்டின் ஆட்டம் மாறவில்லை. பேக்கர்ஸ் வாங்கியது எந்த முறையிலும் நிற்கும் திறனை. நான்காண்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பருவம் 1997 ஜனவரியில் 31ஆவது சூப்பர் பவுலில் முடிந்தது. நியூ இங்கிலாந்தை 35–21 என்று வென்ற அந்த ஆட்டத்தில் வைட் எடுத்தவை மூன்று சேக்குகள்.

டொனால்டின் சான்று இன்னும் தெளிவு. 2014 முதல் 2016 வரை தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் கிரெக் வில்லியம்ஸின் கீழ் நால்வர் முன்வரிசையில் ஆடினார். 2017இல் வேட் ஃபிலிப்ஸ் வந்து மூவர் முன்வரிசையைக் கொண்டுவந்தார். ஹேன்ஸ்வொர்த்தை முறித்த அதே மாற்றம் இது. அந்தப் பருவத்தில்தான் டொனால்ட் முதன்முறையாக ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2018 ஆகஸ்ட் 31 அன்று ராம்ஸ் கையெழுத்திட்டபோது, சோதனை ஏற்கெனவே முடிந்திருந்தது. அந்தப் பருவத்திலேயே 20.5 சேக்குகளோடு மீண்டும் அதே விருது. மூன்றாவது ஒருங்கிணைப்பாளரின் கீழ் 2020இல் இன்னொரு முறை.

டொனால்டின் ஒப்பந்தத்தில் நீதி சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. 2011 முதல் புதுமுகங்களின் ஊதியம் லீகால் கட்டுப்படுத்தப்படுகிறது. லீகின் முதல்தரத் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தபோதும், அவருடைய முதல் நான்காண்டு ஒப்பந்தம் சுமார் ஒரு கோடி டாலர்தான். அவர் உழைப்பின் பெரும்பகுதிப் பயனை அணியே அனுபவித்தது. எந்த மோதலிலும் உடல் முடங்கிவிடக்கூடிய தொழிலில் அடுத்த ஒப்பந்தம் வருங்கால ஆட்டத்துக்கு விலையாகவும், இதுவரை கொடுக்காமல் விட்டதற்கு நிலுவையாகவும் அமைகிறது. 2017இலும் 2018இலும் அவர் முகாமுக்கு வராமல் நின்றதைப் பேராசை என்பவர்கள் இந்த நிலுவையைக் கணக்கில் எடுப்பதில்லை.

5. மறுப்புகள்

கோப்பை ஒருவரால் வருவதில்லையே, அதை லைன்மேனின் ஒப்பந்தத்தோடு எப்படி முடிச்சுப் போடலாம் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. எண்டமுகோங் சூ 2015இல் மயாமி டால்ஃபின்ஸோடு ஆறு ஆண்டுகளுக்கு 11 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தார். அதுவும் அந்த ஆண்டின் உச்சவரம்பில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டியது. மூன்று பருவங்களிலும் ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடினார். அணியோ அந்த மூன்றில் இரண்டு பருவங்களை 6 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தது. 2018இல் உச்சவரம்பில் இடம் வேண்டி அவரை விடுவித்தது. இங்கே ஆட்டக்காரர் தன் பங்கை நிறைவேற்றினார். எட்டில் ஒரு பங்கை ஒருவருக்குக் கொடுத்தபின் எஞ்சிய ஏழு பங்கை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் அணி தோற்றது. லைன்மேனின் ஆட்டத்துக்கும் அணியின் வெற்றிக்கும் தனித்தனித் தீர்ப்பு வேண்டும் என்பதற்குச் சூ நல்ல சான்று.

நிலைத்த திறனும் ஒருநாள் தேயும் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதியளவாவது உண்மை இருக்கிறது. 2022இல் ராம்ஸ் டொனால்டின் ஒப்பந்தத்தைத் திருத்தி 4 கோடி டாலர் கூட்டியது. அந்தப் பருவத்தில் காயத்தால் பதினொரு ஆட்டங்களே ஆட முடிந்தது. 2023இல் மீண்டும் சிறந்த அணித் தேர்வில் இடம்பெற்றார். 2024 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். 2018 ஒப்பந்தத்தை ஆட்டம் முழுமையாக நியாயப்படுத்தியது. 2022 திருத்தத்துக்கு அதே வலு இல்லை. அதில் நன்றியும் கலந்திருந்தது. வியூக மாற்றத்தில் தேறிய திறனுக்கும் வயதின் சோதனை தனியாக உண்டு என்பதை இக்கட்டுரையின் வாதம் ஏற்றாக வேண்டும்.

முடிவுரை

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே விடை தேடக்கூடிய கேள்விகள் மூன்று உண்டு. இரண்டு வேறுபட்ட வியூகங்களிலாவது இந்த லைன்மேனின் ஆட்டம் நின்றிருக்கிறதா? சேக் எண்ணிக்கைக்கு அப்பால், எதிரணி அவருக்காகத் தன் தடுப்பு முறையை மாற்றிக்கொள்கிறதா? முதல் கேள்விக்குச் சான்று போதாதபோது, உறுதித் தொகையின் பெரும் தவணை அந்தச் சான்று கிடைத்த பிறகு வரும்படி அமைந்திருக்கிறதா? டொனால்டின் ஒப்பந்தம் முதல் இரண்டிலும் தேறுகிறது. வைட் முதல் கேள்வியை ஐயத்துக்கு இடமின்றிக் கடக்கிறார். இருவருக்கும் மூன்றாவது கேள்வி எழவே இல்லை. ஹேன்ஸ்வொர்த்தின் ஒப்பந்தம் இரண்டாவதில் தேறினாலும், முதலாவதில் சான்றில்லாமலும் மூன்றாவதில் காவல் இல்லாமலும் நிற்கிறது.

மூன்று ஒப்பந்தங்களைக் கொண்டு ஒரு விதியை நிறுவிவிட முடியாது. ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். லைன்மேனுக்கு எட்டில் ஒரு பங்கு கொடுப்பது தன்னளவில் ஊதாரித்தனம் அல்ல. ஒரே சூழலில் விளைந்த ஆட்டத்தை எல்லாச் சூழலுக்கும் உரியதாக நம்பி, அந்த நம்பிக்கைக்கு முன்பணம் கொடுப்பதே ஊதாரித்தனம். ஹேன்ஸ்வொர்த்தின் பெயரைச் சொல்லி எல்லா லைன்மேன்களின் கூலியையும் குறைக்க முயல்பவர்கள், அணி நிர்வாகத்தின் மதியீனத்துக்கான தண்டனையைத் தொழிலாளியின் தலையில் சுமத்துகிறார்கள்.