ஆப் அப்டேட்டுல என்னதான் மாறுச்சு? தானாகவே தயாராகும் ‘சேஞ்ச்லாக்’... எப்படி வேலை செய்கிறது?

போனில் ஆப் அப்டேட் வந்ததும் ‘என்ன புதுசு?’ என்று பார்த்தால், பல நேரம் இருப்பது ஒரே வரிதான்: ‘சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன’. எந்தப் பிழை? நம்ம தகவலுக்கு ஆபத்தான பிழையா? எதுவும் தெரியாது. ஆனால், மென்பொருளை உருவாக்குபவர்களிடம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு இருக்கிறது. அதிலிருந்தே மாற்றங்களின் பட்டியலைத் தானாக உருவாக்கவும் முடியும்.

சேஞ்ச்லாக் என்றால் என்ன?

ஒவ்வொரு பதிப்பிலும் என்ன சேர்ந்தது, எது நீக்கப்பட்டது, எது சரிசெய்யப்பட்டது என்று சொல்லும் பட்டியல்தான் சேஞ்ச்லாக்.

கணக்கு எங்கே இருக்கு?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய ‘கிட்’ என்ற மென்பொருளைத்தான் இன்று பெரும்பாலான புரோகிராமர்கள் பயன்படுத்துகிறார்கள். கோடில் ஒரு மாற்றம் செய்து சேமித்தால் அது ஒரு ‘கமிட்’. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். என்ன மாற்றம், ஏன் என்று ஒரு சிறு குறிப்பும் எழுதுவார்கள்.

தானாக எப்படி உருவாகுது?

அந்தக் குறிப்பை ஒரே ஒழுங்கில் எழுத ‘கன்வென்ஷனல் கமிட்ஸ்’ என்ற முறை உள்ளது. புது வசதி என்றால் ஃபீச்சர் என்பதன் சுருக்கமான ‘ஃபீட்’, பிழைத் திருத்தம் என்றால் ‘ஃபிக்ஸ்’ என்று குறிப்பு தொடங்கும்.

‘கிட்-கிளிஃப்’, ‘செமான்டிக்-ரிலீஸ்’ போன்ற கருவிகள், முந்தைய பதிப்புக்குப் பிறகு வந்த கமிட்களை வாசித்து வகை பிரித்துவிடும். அடுத்த பதிப்பின் எண்ணும் இதிலிருந்தே முடிவாகும். உதாரணத்துக்கு, இப்போது 2.4.1 என்றால்:

* பிழைத் திருத்தம் மட்டும்: 2.4.2
* புது வசதி: 2.5.0
* பழையபடி வேலை செய்யாத அளவு பெரிய மாற்றம்: 3.0.0

இது ஏன் முக்கியம்?

2021 டிசம்பரில், உலகம் முழுக்க சர்வர்களில் பயன்படும் ‘லாக்4ஜே’ மென்பொருளில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. அதை அடைக்க 2.15.0 வந்தது. அது முழுமையாக அடைக்கவில்லை என்று 2.16.0 வந்தது. இன்னொரு குறைக்காக 2.17.0 வந்தது. எல்லாம் ஒரே மாதத்தில்! ‘அப்டேட் பண்ணியாச்சு’ என்று முதல் பதிப்போடு நின்றவர்களுக்கு ஆபத்து நீங்கவில்லை. எந்தப் பதிப்பில் எது சரியானது என்ற விவரம்தான் அங்கே கைகொடுத்தது.

அப்போ மனுஷங்க வேண்டாமா?

வேண்டும். கருவிக்கு வாசிக்கத் தெரியும், எது முக்கியம் என்று எடைபோடத் தெரியாது. கமிட் குறிப்பில் ‘சின்ன மாற்றம்’ என்று எழுதினால் பட்டியலிலும் அதுவே வரும். எல்லாவற்றையும் அப்படியே கொட்டினால், நூறு எழுத்துப்பிழைத் திருத்தங்களுக்கு நடுவே ஒரு பாதுகாப்புத் திருத்தம் காணாமல் போகும். அதனால்தான் பல குழுக்கள், முறைப்படி எழுதாத கமிட்டை ஏற்பதே இல்லை. தானாக வந்த பட்டியலையும் ஒருவர் படித்துத் திருத்திய பிறகே வெளியிடுகிறார்கள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒவ்வொரு கமிட்டுக்கும் அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதினால்தான், அப்டேட் பட்டனை அழுத்துபவருக்கு உண்மையான பதில் கிடைக்கும்.